கடலுக்குள் இறங்குமுன் எதை வாங்குவது?



கடலோடு நம் மக்களுக்கு உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. கீழக்கரை, காயல்பட்டினம், பெரியபட்டினம், வேதாளை எனக் கரை நெடுகிலும் உள்ள ஊர்களில் மரக்கலம் செலுத்தியவர்களும், முத்து வணிகம் செய்தவர்களும், சங்கு குளித்தவர்களும் நம் முன்னோர்கள். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த முன்னோர்கள் எந்தக் கருவியோடு கடலுக்குள் இறங்கினார்கள்? 14-ஆம் நூற்றாண்டில் உலகம் சுற்றிய இப்னு பதூதா, பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்போரைப் பற்றித் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். முகத்தை மறைக்க ஆமையோடு. மூக்கை இறுக்கிப் பிடிக்க ஆமையோட்டால் செய்த ஒரு கவ்வி. இடுப்பில் ஒரு கயிறு. அவ்வளவுதான். நம் கடலிலும் ஏறத்தாழ இதே நிலைதான். விரைவாக அடியை எட்டுவதற்கு ஒரு கல், மேலே இழுப்பதற்கு ஒரு கயிறு, இவற்றுக்கெல்லாம் மேலாக நெஞ்சுக்குள் அடக்கிய ஒரே ஒரு மூச்சு.

1943-ஆம் ஆண்டில் இந்த நிலை மாறிற்று. பிரான்சு நாட்டில் கூஸ்தோ என்னும் கடற்படை அதிகாரியும் காஞ்ஞான் என்னும் பொறியாளரும் சேர்ந்து, முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து வேண்டும்போது மட்டும் வேண்டும் அளவு காற்றைத் தரும் ஒரு கருவியை உருவாக்கினார்கள். ஸ்கூபா என்று இன்று நாம் சொல்வது அதன் வளர்ச்சிதான். நீரடியில் மூச்சுவிடுவதற்குரிய காற்றைத் தன்னிடமே வைத்திருக்கும் கருவி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அப்பெயரை வைத்தார்கள்.

"மதரஸாவில் பாடம் சொல்லும் மனிதருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர், விடுமுறை நாட்களில் ஃபுஜைராவிலும் செங்கடலின் கரைகளிலும் ஸ்கூபா பழகுகிறார்கள். உள்நாட்டில் அந்தமான், லட்சத்தீவு, புதுச்சேரி ஆகிய இடங்களில் பழகுவோரும் உண்டு. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இரண்டாண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தார். ஸ்கூபாவுக்கு வேண்டிய கருவிகள் அனைத்தும், ஒருவர் பயன்படுத்தியவை, மலிவாகக் கிடைப்பதாகவும், அவற்றை வாங்கிவிடப்போவதாகவும் சொன்னார். பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "எங்கள் பாட்டனார் சங்கு குளித்தவர், ஹஜ்ரத்! மூச்சடக்குவது எங்கள் இரத்தத்தில் ஊறியது" என்றார்.

மறுநாள் அவருடைய தாயார் என் வீட்டுக்கு வந்தார். அந்த அம்மையாரின் தந்தைதான் அந்தப் பாட்டனார். சங்கு குளிக்கச் சென்று திரும்பி வராதவர். "போகாதே என்று நான் சொன்னால் கேட்கமாட்டான், ஹஜ்ரத். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன.

போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முறையாகப் பழகினால் அது நல்லதொரு கலை. என் சகோதரியின் மகன் அந்தமானில் பயிற்சியாளராக இருக்கிறார். அங்கு சென்றிருந்தபோது அவர் ஒவ்வொரு கருவியையும் என் முன் பரப்பி விளக்கியிருக்கிறார். நீச்சல் குளத்தில் என்னை இறக்கி மூச்சுவிடவும் வைத்திருக்கிறார். அவரிடம் மீண்டும் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை அந்த மாணவருக்குச் சொன்னேன். அவற்றையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒரே ஒரு விதி

கருவிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். உங்கள் உடம்போடு ஒட்டுவதை நீங்களே வாங்குங்கள். உங்கள் மூச்சைச் சுமப்பதைப் பயிற்சி முடியும்வரை வாங்காதீர்கள். பயிற்சி நிலையத்தில் வாடகைக்குக் கிடைப்பதையே பயன்படுத்துங்கள்.

முதல் வகையில் அடங்குபவை முகத்தில் அணியும் மாஸ்க், ஸ்நார்க்கெல் என்னும் மூச்சுக்குழல், காலில் அணியும் துடுப்பு, உடம்பை மூடும் உடை ஆகியவை. இரண்டாம் வகை சிலிண்டர், ரெகுலேட்டர், மிதவைச் சட்டை, அளவுமானிகள். முதல் வகையில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் தொல்லையோடு போகும். இரண்டாம் வகையில் பிழை நேர்ந்தால் உயிருக்கே கேடு.

முகம் பார்த்து வாங்குக

முதலில் மாஸ்க். நீச்சல் குளத்தில் அணியும் சிறு கண்ணாடி இதற்கு உதவாது. ஆழம் போகப் போக நீரின் அழுத்தம் அந்தக் கண்ணாடியைக் கண்களோடு அழுத்தும். ஸ்கூபா மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதால், மூக்கின் வழியே சிறிது காற்றை உள்ளே விட்டு அந்த அழுத்தத்தைச் சரிசெய்யலாம். காது அடைக்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதவும் வேண்டும். ஆகவே, மூக்குப் பகுதியை வெளியிலிருந்து விரல்களால் எளிதாகப் பிடிக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது. வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுத்துக் கையை எடுத்துவிடுங்கள். மாஸ்க் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்நார்க்கெலின் வாய்ப்பகுதியைக் கவ்விக்கொண்டு மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஏனெனில் வாய் திறக்கும்போது முகத்தின் அமைப்பு மாறுகிறது. விலை உயர்ந்த மாஸ்க் உங்கள் முகத்தில் ஒழுகலாம்; விலை குறைந்தது கச்சிதமாகப் பொருந்தலாம். ஓரப்பகுதி மென்மையான சிலிக்கோனால் ஆனதாகவும், கண்ணாடி 'டெம்பர்டு' என்று குறிக்கப்பட்டதாகவும் இருக்கட்டும்.

தாடி வைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. மாஸ்க்கின் கீழ்விளிம்பு அமர்வது மேலுதட்டுக்கு மேலேதான். ஒழுக வைப்பது அடர்ந்த மீசையே ஒழிய தாடியன்று. தாடியை வளரவிட்டு மீசையைக் கத்தரித்துக்கொள்ளும் நம் வழக்கம் இங்கும் நன்மையாகவே முடிகிறது. மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், தங்கள் பார்வைக்கேற்ற கண்ணாடி பதித்த மாஸ்க்கைக் கேட்டு வாங்கலாம். சாதாரண மூக்குக்கண்ணாடிக்கு மேல் மாஸ்க் அணிய இயலாது. அதன் கம்பி நுழையும் இடத்தில் நீரும் நுழையும்.

குழலும் துடுப்பும் உடையும்

ஸ்நார்க்கெல் என்பது நீர்மட்டத்தில் முகம் குப்புற மிதந்தபடி மூச்சுவிட உதவும் சிறு குழல். எளிமையானதே நல்லது. நீளமாக இருந்தால் ஆழத்திலும் மூச்சுவிடலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். குழல் நீள நீள, நாம் வெளிவிட்ட கெட்ட காற்றே திரும்ப நெஞ்சுக்குள் வரும்.

கால் துடுப்புகளில் இருவகை உண்டு. செருப்பைப் போல நேரே காலில் மாட்டுவது ஒன்று; ரப்பர் காலணி அணிந்து அதன்மேல் வாரால் கட்டுவது மற்றொன்று. நம் வெதுவெதுப்பான கடலுக்கு முதல்வகை போதும். பாறைக் கரையில் நடந்து இறங்குவதானால் இரண்டாம் வகை காலைக் காக்கும். விரல்கள் நெருக்குண்ணக் கூடாது. குதிகால் கழன்று ஆடவும் கூடாது. புதியவர்கள் மிக நீண்ட, விறைப்பான துடுப்பைத் தேர்ந்தெடுத்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. வெப்பமான கடலிலும் அரைமணி கழிந்தால் குளிர் தெரியும். ஆகவே நியோப்ரீன் ரப்பரால் ஆன உடை அணிகிறார்கள். நம் கடல்களுக்கு 3 மில்லிமீட்டர் தடிப்பு பெரும்பாலும் போதும். மணிக்கட்டிலிருந்து கணுக்கால்வரை மூடும் முழு உடையே சிறந்தது. பவளப்பாறையின் கீறலிலிருந்தும் இழுதுமீனின் கொட்டிலிருந்தும் அது காக்கும்.

சகோதரிகள் பலர் இந்தக் கலை தங்களுக்கு ஆகாது என்று நினைப்பது பெரும்பாலும் உடையை எண்ணித்தான். முழு உடையும், அதனோடு சேர்ந்த தலைமூடியும், மேலே தளர்வான நீச்சல் அங்கியும் அணிந்து இறங்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தலைமூடியின் விளிம்பு மாஸ்க்கின் சிலிக்கோன் ஓரத்துக்கு அடியில் சிக்கினால் நீர் புகும். மாஸ்க் நேரடியாகத் தோலின்மீது அமர வேண்டும். பெண் பயிற்சியாளர்களும் இத்துறையில் இருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

மூச்சைச் சுமக்கும் கருவிகள்

இனி இரண்டாம் வகை. சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது தவறு. இருப்பது, நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்று. வடிகட்டி, உலர்த்தி, அழுத்தி அடைத்தது. தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்தபடி ஆழத்துக்குச் சென்றால் அதுவே நஞ்சாகிவிடும்.

பரவலாக வழங்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2200 லிட்டர் காற்று. ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பதாக வைத்துக்கொண்டால், கரையில் 110 நிமிடம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கு 55 நிமிடம். 20 மீட்டரில் மும்மடங்கு; அங்கு 36 நிமிடம்தான். மேலே வருவதற்கென்று 50 பார் மீதம் வைக்க வேண்டும். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் நேரம் இன்னும் குறையும். காற்றுமானியை அடிக்கடி பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ரெகுலேட்டர் என்பது அந்தப் பெரிய அழுத்தத்தைக் குறைத்து, இழுக்கும்போது மட்டும் வாய்க்குக் காற்றைத் தரும் கருவி. அதில் உதிரியாக இன்னொரு வாய்ப்பகுதியும் இருக்கும். உடன் வருபவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்காக அது. மிதவைச் சட்டை, காற்றை ஏற்றியும் இறக்கியும் நம்மை வேண்டிய ஆழத்தில் நிறுத்தி வைப்பது. இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி வாரின் கொக்கி, ஒரே கையால் இழுத்தவுடன் கழல வேண்டும். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு எச்சரிக்கும்.

இவற்றைப் பிறரிடமிருந்து மலிவாக வாங்கும்போது, உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்களின் வயதோ, சிலிண்டர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதோ நம் கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டரை ஆண்டுதோறும் உட்புறம் பார்த்துச் சோதிப்பதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்துவதும் முறை. ரெகுலேட்டரையும் குறித்த காலத்தில் பிரித்துப் பழுது பார்க்க வேண்டும். இந்தப் பொறுப்பை நல்ல பயிற்சி நிலையங்கள் ஏற்றுக்கொள்கின்றன. வாடகைப் பணம் அதற்குத்தான்.

காற்றை எங்கு நிரப்புகிறோம் என்பதும் முக்கியம். சில கடற்கரைகளில், பஞ்சர் கடையில் இருப்பது போன்ற கம்ப்ரஸரைப் படகில் வைத்து, குழாய் வழியே காற்றை இறக்கி மூச்சுவிட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். இயந்திரத்தின் புகை அந்தக் காற்றோடு கலந்தால், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு நெஞ்சுக்குள் போகும். வறுமைதான் அவர்களை அப்படி இறங்க வைக்கிறது. விரும்பிப் பழக வரும் நாம் அதைப் பின்பற்ற எந்தக் காரணமும் இல்லை.

பாட்டனார் கலையும் பேரன் கலையும்

இப்போது அந்த மாணவர் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். "மூச்சடக்குவது எங்கள் இரத்தத்தில் ஊறியது." கேட்கப் பெருமையாக இருக்கும் அந்தச் சொல்தான் ஸ்கூபாவில் மிக ஆபத்தானது.

பாட்டனார் மேலே, படகின் பக்கத்தில் மூச்சை இழுத்தார். 10 மீட்டர் ஆழத்தில் அந்தக் காற்று அழுத்தத்தால் பாதியாகச் சுருங்கிற்று. மேலே வந்தபோது பழைய அளவை அடைந்தது. பேரன் அவ்வாறன்று. அவர் 10 மீட்டர் ஆழத்திலேயே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறார். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இருமடங்காக விரியும். பலூனை ஊதிக்கொண்டே போனால் என்ன ஆகும்? நுரையீரலுக்கும் அதே கதிதான். நீச்சல் குளத்தின் ஆழமே இதற்குப் போதும்.

ஆகவே ஸ்கூபாவின் முதல் பாடம், எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதே என்பதுதான். பாட்டனாரை வாழவைத்த பழக்கத்தைப் பேரன் மறந்துவிட வேண்டும்.

இரண்டாம் பாடம் மெதுவாக மேலே வருவது. அழுத்தத்தில் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் பொங்குவது போல, விரைந்து மேலே வந்தால் அது இரத்தத்தில் குமிழியாகிவிடும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவது வழக்கம்.

இதே காரணத்தால், விடுமுறையின் கடைசி நாளில் நீருக்குள் இறங்கிவிட்டு அன்றே விமானம் ஏறக் கூடாது. பலமுறை இறங்கியவர் குறைந்தது 18 மணிநேரம் பொறுக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்வார்களாக. நோன்பு வைத்திருக்கும் பகற்பொழுதிலும் இதைத் தவிர்ப்பது நல்லது. உடலில் நீர் குறைந்திருக்கும் நிலை இந்தத் தொல்லைக்கு இடம் கொடுக்கும் என்பார்கள்.

கடையில் கிடைக்காதவை

இன்னும் மூன்று உண்டு. அவை கடையில் கிடைப்பதில்லை.

முதலாவது மருத்துவரின் ஒப்புதல். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காதில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

இரண்டாவது தகுதி வாய்ந்த ஆசிரியர். 1966-இல் தொடங்கப்பட்ட பி.ஏ.டி.ஐ. போன்ற அமைப்புகளின் தொடக்கநிலைப் பயிற்சியில் பாடமும், குளத்தில் பழக்கமும், திறந்த கடலில் 4 முறை இறங்குவதும் அடங்கும். முடித்தவருக்கு 18 மீட்டர்வரை அனுமதி. நீந்தவும், 10 நிமிடம் மிதந்து நிற்கவும் தெரிய வேண்டும்.

மூன்றாவது துணை. நம் கடற்கரையில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. முத்துக் குளிப்பவன் இறங்கும்போது கயிற்றை மேலே பிடித்திருப்பவன் அவனுடைய மைத்துனனாக இருப்பானாம். தன் சகோதரி விதவையாவதை எவன் பொறுப்பான்? கை சோர்ந்தாலும் கயிற்றை விடமாட்டான். ஸ்கூபாவில் கயிறு இல்லை. ஆனால் இருவர் இருவராக இறங்க வேண்டும், ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மைத்துனனின் இடத்தில் துணைவர்.

அந்த மாணவர் பழைய கருவிகளை வாங்கவில்லை. தம் முகத்துக்குப் பொருந்திய மாஸ்க்கையும் ஒரு ஜோடித் துடுப்பையும் மட்டும் வாங்கிக்கொண்டு அமீரகம் திரும்பினார். பயிற்சியை முறையாக முடித்துச் சான்றிதழின் படத்தை எனக்கு அனுப்பினார். அவருடைய தாயார் இப்போது "போகாதே" என்று சொல்வதில்லை. தொலைபேசியில் மகனிடம் அவர் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "உன்னோடு யார் இறங்குகிறார்?"

வாசகப் பெற்றோர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை ஸ்கூபா பழக விரும்பினால் உடனே தடுத்துவிடாதீர்கள்; கேட்டதையெல்லாம் வாங்கியும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாஸ்க்கை மட்டும் வாங்கிக் கொடுங்கள். நல்ல ஆசிரியர் யார், உடன் இறங்கும் துணைவர் யார் என்று கேளுங்கள். அவ்விரண்டுக்கும் தெளிவான விடை கிடைத்தபின் மற்றக் கருவிகளைப் பற்றிப் பேசுங்கள். கடல் எங்கும் போய்விடாது; பிள்ளை பழகி வரும்வரை அது காத்திருக்கும்.